உயிரோடு இருக்கிறாரா, பார்த்துவிட்டு வா

உங்கள் அம்மா தெய்வமா இல்லையா என்று தெரிந்துகொள்ள நீங்கள் எப்போதாவது பஸ் ஏறி அச்சரப்பாக்கம் போயிருக்கிறீர்களா?

நான் போயிருக்கிறேன். மதுராந்தகம் வரை நின்றுகொண்டே போனேன். இன்ஜினியரிங் படித்தவள், முதல் வகுப்பில் பாஸ், கையில் சிறுசேரி கம்பெனியின் ஆஃபர் லெட்டர். அந்த வயதில் நான் பார்த்த முதல் பெரிய வேலை, ஒரு மனிதர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்துவிட்டு வந்து சொல்வது.

விஷயம் இதுதான். செங்கல்பட்டில் எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமைதோறும் கூடிப் பாட்டுப் பாடுகிற பெண்கள் குழு ஒன்று இருந்தது. நடத்தியவர் மேனேஜரம்மா. அவர் எங்கேயும் மேனேஜர் இல்லை. வீட்டுக்காரர் பாங்க் மேனேஜராக இருந்து ரிட்டயர் ஆனவர். டி.வி.யில் சத்தத்தை அணைத்துவிட்டுக் கிரிக்கெட் பார்ப்பார், அதைத் தவிர அவர் எதையும் செய்து நான் பார்த்ததில்லை. அந்த வீட்டில் யார் மேனேஜர் என்பதில் தெருவில் யாருக்கும் குழப்பம் கிடையாது.

வருஷத்துக்கு ஒரு முறை, தை வெள்ளியில், அந்தக் குழு சுமங்கலி பூஜை செய்யும். ஒன்பது மணை போட்டு ஒன்பது பெண்களை உட்கார வைப்பார்கள். அவர்களை அம்பாளாகவே நினைத்துக் காலைத் தாம்பாளத்தில் வைத்துக் கழுவி, மஞ்சள் பூசி, பூ வைத்து, ரவிக்கைத் துணியும் வளையலும் சீப்பும் கண்ணாடியும் கொடுத்து, மற்றவர்கள் எல்லாம் விழுந்து கும்பிடுவார்கள். மணையில் யார் வேண்டுமானாலும் உட்கார முடியாது. கழுத்தில் தாலி இருக்க வேண்டும். தாலி கட்டியவன் உயிரோடு இருக்க வேண்டும். அவன் குடிக்கிறானா, அடிக்கிறானா, வீட்டுக்கு வருகிறானா என்றெல்லாம் அம்பாள் கேட்பதில்லை. மூச்சு இருந்தால் போதும்.

தொண்ணூறுகளில் நானே கொஞ்ச காலம் தெய்வமாக இருந்திருக்கிறேன். ஒன்பது மணைக்கு முன்னால் ஒரு குட்டி மணை போட்டு, வயதுக்கு வராத ஒரு பெண்ணை உட்கார வைப்பார்கள். நான் நல்ல கலர், அழமாட்டேன், கொடுத்ததைத் தின்பேன். அதனால் வருஷாவருஷம் என்னைத்தான் தூக்கிக்கொண்டு போவார்கள். பெரிய பெரிய பெண்கள் என் காலில் விழுந்தார்கள். மேனேஜரம்மாவின் வகிடு எவ்வளவு அகலமானது என்று மேலேயிருந்து பார்த்தவள் என்ற முறையில் எனக்குத்தான் தெரியும். எட்டாவது படிக்கும்போது வயதுக்கு வந்தேன். அன்று சாயங்காலமே அடுத்த தெருவிலிருந்து வேறொரு அம்பாளைப் பிடித்துவிட்டார்கள். இப்போது நான் வேலை செய்கிற கம்பெனியில்கூட ஆளை அனுப்ப நோட்டீஸ் பீரியட் உண்டு.

நைனா வீட்டை விட்டுப் போனதும் அந்தக் காலத்தில்தான். அச்சரப்பாக்கத்தில் உரக்கடை போட்டார். வாரம் ஒரு முறை வந்தார், பிறகு மாதம் ஒரு முறை வந்தார், பிறகு பொங்கலுக்கு வந்தார். பிறகு வரவில்லை. உர மூட்டை விற்கப் போனவர் அங்கேயே வேர் விட்டுவிட்டார். அங்கே இன்னொரு குடும்பம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். தெருவுக்கும் தெரியும். அம்மா தாலுகா ஆபீசில் டைப்பிஸ்ட். தாலியைக் கழற்றவில்லை, பொட்டை அழிக்கவில்லை, ஒரு நாளும் பூ இல்லாமல் ஆபீஸ் போகவில்லை. போய்விட்ட மனிதரைப் பற்றி வாயையும் திறக்கவில்லை.

அம்மாவை மணையில் உட்காரச் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. வேண்டாம் என்றும் யாரும் சொன்னதில்லை. சுண்டல் செய்யச் சொல்வார்கள். கோலம் போடச் சொல்வார்கள். மணை காலியானால் மட்டும் அம்மாவைத் தாண்டிப் பார்ப்பார்கள்.

நான் படிப்பை முடித்து, வேலைக்குக் கூப்பிடுவார்கள் கூப்பிடுவார்கள் என்று வீட்டில் பல்லி பார்த்துக்கொண்டிருந்த வருஷம், மேனேஜரம்மா முட்டுக்காடு பக்கம் ஏதோ ஒரு முகாமுக்குப் போய்விட்டு வந்தார். போகும்போது சாதாரணமாகத்தான் போனார். வரும்போது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு வந்தார். கட்டணம் வாங்கிக்கொண்டு, படுக்கப் பாய் கொடுத்து, மூன்று நாள் பச்சைக் காய்கறி தின்ன வைத்து, உன் அம்பாள் உனக்குள்ளேயே இருக்கிறாள் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை அவர் கூட்டத்தில் அறிவித்தார். "இனிமே அம்பாளை வெளியில தேடக் கூடாது. ஒவ்வொரு பொம்பளைக்குள்ளயும் அவ தூங்கிட்டிருக்கா. நாமதான் எழுப்பணும். நெஞ்சுல கையை வெச்சு, கண்ணை மூடி, நானே அவள், நானே அவள்னு சொல்லணும்."

எல்லோரும் நெஞ்சில் கை வைத்துச் சொன்னார்கள். மேல்வீட்டுப் பெண்மணி சொல்லிக்கொண்டே அடுப்பில் பால் வைத்தது ஞாபகம் வந்து எழுந்து ஓடினாள்.

இன்னும் இரண்டு மாற்றங்கள். தை வெள்ளி பூஜை இனி மாமல்லபுரத்தில், மேனேஜரம்மாவின் கொழுந்தனாரின் கெஸ்ட் ஹவுஸில். கடல் சத்தம் கேட்டால் உள்ளே இருப்பவள் சீக்கிரம் எழுந்திருப்பாளாம். இரண்டாவது, பூஜை முடிந்ததும் மணையில் இருக்கிற ஒவ்வொருத்தியிடமும் "அம்மா, உனக்கு என்ன வேணும்?" என்று கேட்க வேண்டும். அவள் கேட்பதைக் கொடுத்தே தீர வேண்டும். தரமுடியாது என்றால் குழுவுக்கே ஆகாது. முகாமில் அப்படித்தான் செய்தார்களாம்.

அந்த வருஷம் ஒன்பதில் ஒருத்தி மகனோடு மெட்ராஸ் போய்விட்டாள். சுற்றிமுற்றிப் பார்த்து, ஆள் கிடைக்காமல், மேனேஜரம்மா அம்மாவைக் கூப்பிட்டுவிட்டார். அம்மா அன்று வீட்டுக்கு வந்து இரண்டு தடவை வாசல் தெளித்தாள். மத்தியானம் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை. பீரோவிலிருந்து கல்யாணப் புடவையை எடுத்து வெயிலில் போட்டாள்.

நாலே நாளில் மேனேஜரம்மா வீட்டுக்கு வந்தார். பின்னால் தையல் அக்கா, கையில் ரவிக்கைத் துணிக் கட்டோடு. தையல் அக்கா விதவை. குழுவுக்கு ஒரு விளக்கைத் துலக்குவது என்றாலும் ஒரு குடம் தண்ணீர் தூக்குவது என்றாலும் அவள்தான். அவளுக்குள்ளும் அம்பாள் தூங்கிக்கொண்டிருந்தாள் என்றுதான் நினைக்கிறேன், யாரும் எழுப்பவில்லை.

"ஒரு சின்னச் சங்கடம்மா, தப்பா எடுத்துக்காத," என்று மேனேஜரம்மா ஆரம்பித்தார். "அச்சரப்பாக்கத்துல உரக்கடைக்காரர் ஒருத்தர் மாரடைப்புல போயிட்டாராம். பால்காரர் சொன்னார்."

அம்மா புடவையை மடித்துக்கொண்டிருந்தாள். கை நின்றுவிட்டது. "அச்சரப்பாக்கத்துல ஒரே ஒரு உரக்கடைதான் இருக்குதா?"

"அப்படிச் சொல்லல. இருந்தா சந்தோஷம்தான். ஆனா தெரியாம உட்கார வெச்சுட்டு, நாளைக்கு வேற மாதிரின்னு ஆச்சுன்னா மிச்சம் எட்டுப் பேருக்கும் தோஷம் இல்லையா? அவங்க வீட்டுக்காரங்க சும்மா விடுவாங்களா?"

நான் உள்ளே இருந்து வந்தேன். "ஏன் ஆன்ட்டி, அம்பாள்தான் உள்ளயே இருக்காளே. அவளுக்கு எதுக்கு அச்சரப்பாக்கத்துல ஒரு ஆளு?"

"உள்ள இருக்காம்மா. யாரு இல்லன்னா? வெளியிலயும் ஒரு முறை இருக்கில்ல."

"ஒரு போன் போட்டுக் கேட்டா?" என்றேன். எங்களிடம் நம்பர் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"போன்ல யார் வேணாலும் பேசலாம். கண்ணால பார்த்தா நல்லது," என்றார் மேனேஜரம்மா.

தையல் அக்கா துணிக்கட்டை மாற்றி இடுக்கிக்கொண்டு சொன்னாள்: "எங்க வூட்டாளு செத்தப்ப மட்டும் ஒருத்தரும் போய்ப் பாக்கல. கேட்டவுடனே நம்பிட்டாங்க."

மேனேஜரம்மாவுக்குக் காது கேட்கவில்லை. சில வாக்கியங்களுக்கு மட்டும் அவருக்குக் காது கேட்காது.

அவர்கள் போனதும் நான் அம்மாமேல் பாய்ந்தேன். "இன்னாம்மா இது, அசிங்கம்? இவங்க காலைக் கழுவலன்னா உன் காலு அழுக்காவே கிடக்குமா? பாத்ரூம்ல தண்ணி இல்ல?"

"காலு இல்லடி. அந்தக் குங்கும டப்பா," என்றாள் அம்மா.

"டப்பாவுக்கு இன்னா?"

"வெள்ளிக்கிழமை எல்லாருக்கும் நீட்டுவாங்க இல்ல, பாத்துகினே இரு. இவளுக்கு நீட்டும்போது கை நேராப் போவும், அவளுக்கு நேராப் போவும். எங்கிட்ட வந்தா ஒரு செகண்டு நிக்கும். குடுக்கலாமா, வேணாமான்னு. அப்பறம்தான் வரும். இத்தினி வருசமா, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும், அந்த ஒரு செகண்டு." அம்மா புடவையை மறுபடி முதலிலிருந்து மடிக்க ஆரம்பித்தாள். "மணையில ஒருவாட்டி உக்காந்துட்டா அப்பறம் எவ கையும் நிக்காது."

எனக்கு எரிச்சலாக இருந்தது. அம்மாமேல், மேனேஜரம்மாமேல், பால்காரர்மேல், மாரடைப்பின்மேல். "சரி, நெஜமாவே செத்துட்டிருந்தா?"

அம்மா தலையில் இருந்த பூவைத் தொட்டுப் பார்த்தாள். "இல்லன்னா இல்லன்னு சொல்லு. பொய் சொல்லாத. போய்ப் பேசவும் வேணாம். தூரமா நின்னு பாரு. நடக்கறாரா, உக்காந்துகினு கீறாரா, உயிரோட இருக்காரா, பாத்துட்டு வா. அவ்ளோதான்."

அப்படித்தான் போனேன். பி.இ. முடித்த உயிர்ப் பரிசோதகர்.

அச்சரப்பாக்கத்தில் இறங்கி மெயின் ரோட்டில் நடந்தால் அரை பர்லாங்குக்கு முன்பே உர நாற்றம் மூக்கைப் பிடிக்கிறது. தூரமாக நிற்பது என்றுதான் திட்டம். ஆனால் அங்கே எதிரும்புதிருமாக இரண்டு உரக்கடைகள். ஒன்று பூட்டியிருந்தது, ஷட்டரில் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். போஸ்டரில் இருக்கிற முகம் யார் என்று தெரிய கிட்டத்தில் போக வேண்டியிருந்தது. போனேன். மீசை. நைனாவுக்கு மீசை உண்டா? சத்தியமாக எனக்கு ஞாபகம் இல்லை. போஸ்டர் முன்னால் நின்று சொந்த அப்பாவா என்று யோசிப்பதைவிடக் கேவலமான நிலைமை ஒரு இன்ஜினியருக்கு வரக் கூடாது.

"இன்னாம்மா, யூரியா வேணுமா? அந்தக் கடை தொறக்க மாட்டாங்க, இங்க வா," என்று எதிர்க்கடையிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். திரும்பினேன். கல்லாவில் அவள். பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில், ஒரு கண்ணை மூடிக்கொண்டு தீக்குச்சியால் காது குடைந்துகொண்டு, மீசையில்லாமல், நைனா.

தூரத்தில் நிற்கிற திட்டம் காலி. கிட்டே போனேன். "யூரியா வேணாம். இவரு உயிரோட கீறாரான்னு பாக்க வந்தேன்."

"காலங்காத்தால இன்னா பேச்சு இது? யாரும்மா நீ?" என்று அந்தப் பெண் எகிறினாள்.

நைனா மூடிய கண்ணைத் திறந்தார். என்னைப் பார்த்தார். தீக்குச்சி காதிலேயே நின்றது. "பாப்பா?"

"ஆமா."

"இவ்ளோ வளந்துட்ட? செத்தது எதிர்க்கடை அண்ணாத்தடா. நான் நல்லாத்தான் கீறேன். முட்டிதான் வலி. உங்கம்மா அனுப்பிச்சாளா? அழுதாளா?"

அந்த "அழுதாளா"வில் ஒரு ஆசை இருந்தது. அதை மிதிக்க வேண்டும் போல இருந்தது. "அழுவல நைனா. பூஜைக்கு ஆளு சேக்கறாங்க. புருசன் உயிரோட இருந்தாத்தான் சாமியா உக்கார முடியுமாம். அதான் செக் பண்ண வந்தேன்."

மனிதர் கூனிக் குறுகுவார் என்று எதிர்பார்த்தேன். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார். "அப்ப நான் இல்லாம உங்கம்மா சாமியாவ முடியாதுன்ற?"

"முறைப்படி முடியாதாம்."

"பாத்தியா!" என்று அந்தப் பெண்ணைப் பார்த்துச் சிரித்தார். "எங்க, எப்போ? நானே வர்றேன். உயிரோட கீறேன்னு நானே வந்து காட்டறேன்." மாமல்லபுரம், தை வெள்ளி என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

"சும்மா கெட," என்றாள் அவள். "முட்டி வலின்னு குடோனுக்கே போவல, மாமல்லபுரம் போறாராம். எனக்கும்தான் இந்த வருசம் எல்லையம்மன் கோயில் சுமங்கலி பூசையில மணை போட்டுக் கூப்பிட்டு கீறாங்க. உன்னை இட்டுகினா போவப்போறேன்?" பிறகு என்னைப் பார்த்து, "நாஸ்தா துன்னியா?" என்றாள். அவளிடம் கோபப்படுவதற்கு நான் தயாராக வந்திருந்தேன். அவள் பூரி வாங்கி வரச் சொல்லிவிட்டாள்.

ஆக, ஒரே கரண்ட் கனெக்‌ஷனில் இரண்டு வீட்டுக்கு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மீட்டர் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து காது குடைந்துகொண்டிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வாசலிலேயே கேட்டாள். "இருக்காரா?"

"இருக்காரு."

"நல்லாப் பாத்தியா?"

"காது குடைஞ்சிகினு கீறாரும்மா. செத்தவங்க குடைய மாட்டாங்க."

அம்மா செருப்பை நேராக வைத்தாள். உள்ளே போனாள். கொஞ்ச நேரம் கழித்துச் சமையலறையிலிருந்து குரல் வந்தது. "தலை நரைச்சிடுச்சா?"

"டை அடிச்சிருக்காரு. காதுகிட்ட வழிஞ்சி கீது."

அம்மா சிரித்தாள். அந்தச் சிரிப்பில் அழுகை எதையும் தேடாதீர்கள், நான் தேடிப் பார்த்துவிட்டேன், இல்லை. "பூஜைக்கு வர்றேன்றாரு," என்றேன். சிரிப்பு நின்றது. பிறகு சொன்னாள்: "வரட்டும்."

தை வெள்ளியன்று வேனில் போனோம். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை எல்லோரும் பாடினார்கள். அதற்குப் பிறகு இரண்டு அம்பாள்கள் வாந்தி எடுத்தார்கள்.

கெஸ்ட் ஹவுஸ் கடற்கரைக்குப் போகிற சந்தில் இருந்தது. கீழே லுங்கியை மடித்துக் கட்டிய வெள்ளைக்காரர்கள், மேலே ஹால். கடல் சத்தம் கேட்கும் என்றார்கள். கேட்டது என்னவோ கீழே கல்லில் உளி அடிக்கிற சத்தம். வாசலில் நின்றால் மீன் வாசனை வேறு. ஒன்பது மணையும் வரிசையாகப் போட்டாகிவிட்டது. ஹாலுக்கு ஒரே ஒரு ஸ்டாண்ட் ஃபேன், மணைகளைப் பார்த்து ஓடியது. அப்போது ஒன்பதில் ஒருத்தி மேனேஜரம்மா காதில் ஏதோ சொல்லிவிட்டு வெளியே போய் வேனில் உட்கார்ந்துகொண்டாள். மூன்று நாளைக்கு அவளுக்குள் இருக்கிற அம்பாளுக்கு லீவு.

ஒரு மணை காலி. தையல் அக்கா பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள், முழங்கை வரை சந்தனம். யாரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. படியில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண்ணை மேனேஜரம்மா பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஹஸ்பெண்ட்?" என்று கேட்டார். அவள் கீழே தாடி வைத்த ஒருத்தனைக் காட்டி "பாய்ஃபிரெண்ட்" என்றாள்.

"எல்லாம் ஒண்ணுதான், உட்காரும்மா," என்றார் மேனேஜரம்மா.

அவ்வளவுதான் விசாரணை. பஸ் இல்லை, அச்சரப்பாக்கம் இல்லை, போஸ்டர் இல்லை. அவள் பர்முடாஸோடு மணையில் சப்பணம் போட்டு உட்கார்ந்தாள். நான் தையல் அக்காவைப் பார்த்தேன். "அவளுக்குக் கலர் கீதும்மா," என்றாள் அக்கா, சந்தனத்தை வழித்துக்கொண்டே. "அம்பாளுக்கு எடுக்கும்."

அம்மா கடைசி மணை. கல்யாணப் புடவை, தாழம்பூ வைத்த ஜடை. அவள் முதுகு அவ்வளவு நேராக இருந்து நான் பார்த்ததில்லை, டைப்ரைட்டர் முன்னால்கூட. கால் கழுவி, மஞ்சள் பூசி, குங்கும டப்பாவைத் திறக்கிற நேரத்துக்குச் சரியாகப் படியில் டக் டக்கென்று சத்தம். நைனா. பட்டு பார்டர் வேட்டி, சென்ட், புது டை.

யார் என்று தெரிந்ததும் மேனேஜரம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. "வாங்க சார், வாங்க! எவ்வளவு பெரிய மனசு!" நாற்காலி வந்தது. இளநீர் வந்தது. அவருக்கு வேர்க்கிறது என்று ஸ்டாண்ட் ஃபேனைத் திருப்பி அவர் முகத்துக்கு வைத்தார்கள். ஒன்பது அம்பாள்களும் வேர்த்து வழிந்தார்கள். நானே அவள், நானே அவள் என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லிக்கொண்டிருந்த கூட்டம், ஒரு ஆண் வந்ததும் அவருக்குக் காற்று விட்டது.

"சார் வந்ததே அம்பாள் சங்கல்பம்," என்றார் மேனேஜரம்மா. "நீங்களே உங்க கையால வெச்சு விட்டுடுங்க."

நைனா எழுந்தார். கட்டைவிரலில் குங்குமத்தை எடுத்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். எழுந்து போய்விடு, தட்டிவிடு, ஏதாவது செய் என்று மனசுக்குள் கத்தினேன். அம்மா கண்ணை மூடி நெற்றியைக் காட்டினாள். அவர் வைத்தார். வகிட்டிலும் வைத்தார். பெண்கள் குலவை போட்டார்கள்.

பிறகு எல்லோரும் ஒவ்வொரு மணையாக விழுந்து கும்பிட்டார்கள். அம்மா காலில் மேனேஜரம்மாவும் விழுந்தார். கடைசியாகக் கேள்வி. ஒவ்வொருத்தியிடமும் போய், "அம்மா, உனக்கு என்ன வேணும்?"

"எல்லாரும் நல்லா இருக்கணும்," என்றாள் முதல் அம்பாள். இரண்டாவதும் அதையே சொன்னாள். மூன்றாவது "என் மருமக முழுகாம இருக்கணும்" என்றாள். வெள்ளைக்காரப் பெண் தண்ணீர் கேட்டாள், கொடுத்தார்கள். அதற்குள் ஓரத்தில் நைனாவுக்குத் தனியாக வாழை இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாகிவிட்டது. சர்க்கரைப் பொங்கல் வாளி அவரைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. அவர் சப்பணம் போட்டு உட்கார்ந்து சட்டைக் கையை மடித்தார்.

மேனேஜரம்மா கடைசி மணைக்கு வந்து கை கூப்பினார். "அம்மா, உனக்கு என்ன வேணும்?"

அம்மா கண்ணைத் திறந்தாள். "இந்தாளை பஸ் ஏத்தி உடுங்க," என்றாள்.

சர்க்கரைப் பொங்கல் வாளி பாதி வழியில் நின்றது.

"அம்மா?" என்றார் மேனேஜரம்மா.

"இப்பவே. இலையில கை வெக்கறதுக்கு முன்னாடி."

"அதெப்படிம்மா, வந்தவரைப் பசியோட..."

"கேட்டதைக் குடுக்கலன்னா ஆகாதுன்னு நீங்கதானே சொன்னீங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

மேனேஜரம்மா எட்டு மணைகளையும் பார்த்தார். எட்டுப் பேரும் அவரைப் பார்த்தார்கள். எட்டுப் பேர் வீட்டுக்காரர்களின் ஆயுசும் அந்தப் பொங்கல் வாளியில் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்றாவது அம்பாள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "குடுத்துடுங்க மேனேஜரம்மா, என் மருமகளுக்கு இது நாலாவது மாசம்..." இப்போதுதான் முழுகாமல் இருக்க வேண்டும் என்று கேட்டாள், அதற்குள் நாலாவது மாசம். யாரும் அதைக் கவனிக்கவில்லை. தையல் அக்கா போய் இலையை எடுத்து மடித்தாள். அவள் முகத்தில் பக்திப் பரவசம்.

வெறும் கையோடு அனுப்பக் கூடாது என்று மேனேஜரம்மா அவசரமாக ஒரு பையை நைனா கையில் திணித்தார். உள்ளே ரவிக்கைத் துணி, வளையல், சீப்பு, கண்ணாடி.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நான் கூடப் போனேன். நைனா நொண்டிக்கொண்டே வந்தார். "உங்கம்மாவுக்கு இன்னா அவ்ளோ கோவம்? நான்தான் வந்தேனில்ல?"

"கோவம் இல்ல நைனா. வேலை முடிஞ்சிடுச்சு."

அவர் பையைத் திறந்து ரவிக்கைத் துணியை வெயிலில் பிடித்துப் பார்த்தார். மயில் கழுத்துக் கலர். "இது கல்லாவுல கீறவளுக்கு எடுக்கும்," என்றார். பட்டாணி சுண்டல் ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு செங்கல்பட்டு பஸ்ஸில் ஏறினார். ஜன்னல் வழியாகக் கை ஆட்டினார். நானும் ஆட்டித் தொலைத்தேன்.

திரும்பி வந்தபோது பந்தி நடந்துகொண்டிருந்தது. அம்மா இரண்டாவது முறை பொங்கல் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். ஃபேன் அவள் பக்கம் திரும்பியிருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை, அம்மா சொன்னபடி, குங்கும டப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தேன். இவளுக்கு நேராகப் போனது, அவளுக்கு நேராகப் போனது, அம்மாவுக்கும் நேராகப் போனது. அம்மா என்னைப் பார்க்கவில்லை. பார்க்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை டைப் செய்துகொண்டிருக்க மாட்டேன். எனக்குச் சிறுசேரியில் வேலை கிடைத்து, காலை கேப்பும் ராத்திரி கேப்புமாக ஓட ஆரம்பித்த பிறகு, ஒரு நாள் மேனேஜரம்மாவின் வீட்டுக்காரர் சத்தமில்லாத கிரிக்கெட்டுக்கு முன்னால் சத்தமில்லாமல் இறந்துபோனார். மேனேஜரம்மா ஒரு மாதம் வெளியே வரவில்லை. வந்தபோது நெற்றியில் விபூதி. எட்டு அம்பாள்களும் கூடிப் பேசினார்கள். குழுவை இனி யார் நடத்துவது? தெய்வமே வந்து பேசிய மணை ஒன்று இருந்ததே. பூஜைச் சாமான் பெட்டியின் சாவி அம்மாவிடம் வந்தது.

மேனேஜரம்மாவை யாரும் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வருகிறார். சமையலறை வாசலில், தையல் அக்கா பக்கத்தில் நிற்கிறார். உள்ளே இருக்கிற அம்பாள் என்ன ஆனாள் என்று நான் ஒருமுறை அவரிடமே கேட்டேன். "நீ வாயை மூடு," என்றார். போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை நான் லீவில் வீட்டில் இருந்தேன். அம்மா குங்கும டப்பாவை எடுத்துக்கொண்டு வரிசையாக நீட்டிக்கொண்டு வந்தாள். கை நேராகப் போனது, நேராகப் போனது, நேராகப் போனது. மேனேஜரம்மாவிடம் வந்தது. ஒரு செகண்டு நின்றது. தாண்டிப் போனது.

"ஏம்மா?" என்று அன்று சாயங்காலம் கேட்டேன். "உனக்கே இது தெரியாதா?"

"முறைன்னு ஒண்ணு கீதில்ல," என்றாள் அம்மா. டி.வி.யின் சத்தத்தைக் கூட்டினாள்.

இன்று காலை அச்சரப்பாக்கத்திலிருந்து அந்தப் பெண் போன் செய்தாள். நைனாவுக்கு விடியற்காலையில் நெஞ்சுவலி, மதுராந்தகம் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்களாம். அம்மா பேசிவிட்டு வைத்தாள். ஆபீசுக்கு லீவு சொன்னாள். பிளாஸ்கில் கஞ்சி ஊற்றினாள். கண்ணாடி முன்னால் நின்று பூ வைத்துக்கொண்டாள்.

அம்மா இப்போது பஸ்ஸில் இருக்கிறாள்.